யானை மூக்கு, முதலை வாய், மீன் உடம்பு

காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மயிலம் தாண்டினதும் பேரணி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அல்லது பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் ஓடுகிற படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் தளவானூர். அந்த ஊர்ப் பாறையில் ஒரு கடல் மிருகம் சுமார் 1,400 வருஷமாக வாயைத் திறந்தபடி இருக்கிறது. யானைக்குள்ள மூக்கு, முதலைக்குள்ள வாய், மீனுக்குள்ள உடம்பு. பெயர் மகரம். இதுவரை யாரையும் கடித்ததாகப் புகார் இல்லை.

நான் இதைப் பார்க்கப் போனதற்குக் காரணம் பக்தி அல்ல, சரித்திர ஆர்வமும் அல்ல. ஒரு வீடியோ கேம்.

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, ரிசல்ட் வந்து, செல்போனும் கையுமாக இருந்தான். என்னடா என்று எட்டிப் பார்த்தால், கடலில் ஒரு படகு. திடீரென்று திரை மாறி, பாதி மீன் பாதி மனுஷனாக ஒரு பிராணி எதிரே நிற்கிறது. செதில், துடுப்பு, முழிக்கிற கண். இவன் பக்கம் நாலு வீரர்கள். இவர்கள் ஒரு அடி அடித்தால் அது பொறுமையாக வாங்கிக்கொண்டு, பிறகு தன் முறை வந்ததும் திருப்பி அடிக்கிறது. தாலுகா ஆபீஸ் க்யூவில்கூட நான் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

"இதுக்கு எச்.பி. கம்மி மாமா, ரெண்டே அடி" என்றான்.

நான் பி.காம். எச்.பி. என்றால் எனக்கு ஹயர் பர்ச்சேஸ். இவனுக்கு ஹிட் பாயிண்ட்ஸ். அதாவது உயிரின் இருப்புத் தொகை. அடி வாங்க வாங்கக் குறைந்து, நில் பேலன்ஸ் ஆனதும் மிருகம் மறைந்துவிடும். உடனே வீரர்கள் கணக்கில் 'கில்' என்று காசு ஏறுகிறது. கடலில் திரிகிற மீன் மனுஷனுக்குக் காசு எதற்கு, எந்த பாக்கெட்டில் வைத்திருந்தது, இந்த வரவுக்கு வவுச்சர் எங்கே என்றெல்லாம் கேட்டேன். ஆடிட் வந்தால் இந்த விளையாட்டு ஒரு நாள் தாங்காது.

விளையாட்டின் பெயர் 'ஃபைனல் ஃபேன்டஸி'. ஜப்பானில் 1987-ல் வந்தது. 2021-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். மிருகத்தின் பெயர் சகாகின். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சகாகின் வந்தது. அதே படம், வேறு கலர், பலம் மட்டும் கூடுதல். பிறகு மூன்றாவது. அதுவும் அதே படம், இன்னொரு கலர். "என்னடா, ஒரே ஆளு சட்டையை மாத்திக்கிட்டு வர்றான்?" என்று கேட்டதற்குப் பையன் விளக்கினான். அந்தக் காலத்தில் விளையாட்டு மொத்தமும் 256 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' ரோஜாப்பூவுக்கே அது பத்தாது. அதற்குள் உலகம், கடல், கதை, பாட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட மிருகங்கள். ஆகவே ஒரு படத்தை வரைந்து கலரை மாற்றிப் பதவி உயர்வு கொடுத்துவிடுவார்கள். எல்.டி.சி., யு.டி.சி., சூப்பரிண்டெண்ட். நம் ஆபீஸ்களிலும் இதே ஏற்பாடுதான். முகம் அதே. அடி மட்டும் பலமாக விழும்.

இந்த சகாகின் ஜப்பான் சரக்குகூட அல்ல. அமெரிக்காவில் 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு வந்தது. கம்ப்யூட்டர் கிடையாது, காகிதம், பென்சில், பகடை, பத்துப் பேர் போடுகிற கூச்சல், அவ்வளவுதான். அதற்கு 1975-ல் வந்த அனுபந்தப் புத்தகம் ஒன்றில் இந்த மீன் மனுஷனை ஸ்டீவ் மார்ஷ் என்பவர் படைத்தார். அந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மிருகங்களுக்கு எங்கே போனார் தெரியுமா? பொம்மைக் கடைக்கு. பாக்கெட்டில் போட்டு மலிவாக விற்கிற பிளாஸ்டிக் டைனோசர் பொம்மைகளை வாங்கி வந்தார். அச்சில் கோணலாகப் போய் எந்த மிருகம் என்றே தெரியாத பொம்மைகள். திருவிழாக் கடையில் நாம் வாங்கித் தருவோமே, சிங்கமா நாயா என்று குழந்தையே முடிவு செய்துகொள்ள வேண்டிய ரகம். அவற்றில் ஒன்றைப் பார்த்துத்தான் ஆந்தைத் தலையும் கரடி உடம்பும் கொண்ட 'அவுல்பேர்' பிறந்தது. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஓடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பையன் ஒப்பித்தான். இதில் காட்டின அக்கறையை அக்கவுண்டன்சியில் காட்டியிருந்தால் என்று அக்கா ஆரம்பித்தாள். அக்கவுண்டன்சியிலும் காட்டித்தான் இருந்தான். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். பேலன்ஸ் ஷீட்டின் ஓரத்தில் ஒரு ஆக்டோபஸ், அதற்கு நண்டுக் கொடுக்கு. அசெட்ஸ் பக்கத்தில் வரைந்திருந்தான். எட்டு கையோடு ஒரு வேலையாள் என்றால் அசெட்தானே?

விஷயம் இதுதான். பி.காம். அப்ளிகேஷன் பூர்த்தி செய்யப்பட்டுக் கையெழுத்துக்காக டி.வி. மேஜைமேல் இருக்கிறது. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. பையன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். சென்னைக்குப் போய் கேம்களுக்குப் படம் வரைகிற படிப்பு படிக்கிறேன் என்கிறான். அதிலும் ஹீரோ படம் வேண்டாமாம், மிருகங்கள் போதுமாம். அக்கா வீட்டுக்காரருக்கு ஹார்டுவேர் கடை. அவருக்கு ஒரே ஒரு கேள்வி. "பேய் படம் போடறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" குடும்பத்தில் பி.காம். முடித்துவிட்டு எழுதிப் பிழைக்கிற ஒரே ஆள் என்பதால் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு கட்சியும் என்னைத்தான் உதாரணம் காட்டின. எந்த அர்த்தத்தில் என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு தளவானூருக்குப் போனேன். பேசுவதற்கு வீட்டைவிட அது நல்ல இடம் என்பது ஒரு காரணம். "நம்ம ஊர்ல ஒரு மிருகம் இருக்கு, வந்து பாக்கறியா?" என்றதும் அவன் சட்டை மாட்டிக்கொண்டது இன்னொரு காரணம்.

மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பல்லவர் குடைவரை என்று கேட்டால் விழித்தார். பஞ்ச பாண்டவர் மலையா என்று அவரே கேட்டுக் கையைக் காட்டினார். குகை என்று எதைக் கண்டாலும் நம் ஜனங்கள் பாண்டவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் இதைக் குடைய வைத்தவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். கோயிலுக்கு அவன் வைத்த பெயர் சத்ருமல்லேஸ்வராலயம். சத்ருமல்லன் என்பது அவன் பட்டப் பெயர்களில் ஒன்று, எதிரிகளுக்கு மல்லன். இது தவிர விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சித்திரகாரப்புலி என்று ஏகப்பட்டது வைத்திருந்தான்.

பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். ஆன்லைனில் விளையாடும்போது அவனுடைய கூட்டாளிகள் வைத்துக்கொள்ளும் பெயர்கள் இப்படித்தானாம். டார்க் புலி, எனிமி கில்லர். "ராஜா கேமர் மாமா" என்றான்.

யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது அல்லவா? அங்கே பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஒரு குடைவரை செய்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இன்றைக்குப் பையன்கள் கத்தி இல்லாமல், கவசம் இல்லாமல் கடைசி அரக்கனை ஜெயித்தேன் என்று வீடியோ போடுகிறார்கள். அதே பெருமை. சித்திரகாரப்புலி என்ற பட்டமும் வெறும் ஜம்பத்துக்கு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஓவியத்தில் பித்து இல்லாத ராஜாவுக்கு யானைப்புலி, போர்ப்புலி என்றுதான் தோன்றும். போதாததற்கு நகைச்சுவை வேறு எழுதியிருக்கிறான். மத்தவிலாச பிரகசனம் என்று சம்ஸ்கிருத நாடகம். காஞ்சிபுரத்தில் குடிபோதையில் இருக்கும் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, பாவம் ஒரு புத்த பிட்சுவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். கடைசியில் பார்த்தால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது நாய். இந்த மாதிரிப் பத்தி எழுதுகிற எல்லோருக்கும் அவன்தான் முன்னோர். சம்பள பாக்கி வைக்காத முன்னோர்.

இப்போது மிருகம்.

தளவானூரில் முகப்பின் இரண்டு கோடியிலும் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள். நடுவில் தூண்கள். தூண்களுக்கு இடையே மேலே பார்த்தால், கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற மாதிரி வளைந்து தொங்கும் ஒரு தோரணம். அது முழுக்கக் கல். அதைக் கக்கிக்கொண்டிருப்பவை மகரங்கள். அதனால் அதற்கு மகர தோரணம் என்று பெயர். நான் கையைக் காட்டிச் சொல்வதற்குள் பையன் கீழே உட்கார்ந்து நோட்டை எடுத்துவிட்டான்.

"இதுக்கு எத்தனை எச்.பி. இருக்கும்?" என்று நான் கேட்டேன். பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "மாமா, எங்க கேம்ல வாசல்ல மிருகம் நின்னா அதைக் கொன்னாத்தான் உள்ள போகலாம். இது வழி விட்டுட்டு மாலையைக் கக்குது" என்றான்.

அட, என்றிருந்தது. மகரத்தை யாரும் கொன்றதாக நம் சிற்பத்தில் நான் பார்த்ததில்லை. ஆளாளுக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள். கங்கைக்கு வாகனம். வருணனுக்கும் வாகனம். மன்மதனுக்குக் கொடி. அதனால்தான் அவன் மகரக் கொடியோன். தமிழில் மகரம் என்றால் சுறா என்றும் அர்த்தம் உண்டு. தனித்தமிழ்க் காலண்டரில் தை மாதத்துக்கு சுறவம் என்று பெயர் பார்த்திருப்பீர்கள். சூரியன் மகர ராசிக்குள் போகிற மாதம். அதே ராசிக்கு மேல்நாட்டில் முன்பாதி ஆடு, பின்பாதி மீன். அது பாபிலோன் காலத்துக் கற்பனை. ஆக, பொங்கலன்று நாம் ஒரு கலப்புக் கடல் மிருகத்தின் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குத்தான் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஊர்க் கோயிலிலேயே அது இருக்கும். உற்சவரின் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியைக் கீழிருந்து பாருங்கள். அனேகமாக இரண்டு ஓரத்திலும் ஒரு மகர வாய். அங்கிருந்துதான் அந்த வளைவு கிளம்புகிறது. பல நடராஜர் வெண்கலங்களில் சுற்றி எரிகிற ஜுவாலை வட்டமும் மகர வாயிலிருந்துதான் புறப்படும். நீர் மிருகம் நெருப்பைக் கக்கலாமா என்று அறிவியல் வாத்தியார் கேட்டால் என்னிடம் அனுப்பாதீர்கள். 2022-ல் வந்த 'எல்டன் ரிங்' என்ற ஜப்பான் விளையாட்டில் எரிமலைக் குழம்பைக் கக்கும் ஒரு ராட்சசப் பல்லி இருக்கிறது. அதன் பெயர் மகார். மகரத்தை நினைத்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று சாட்சி சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம்.

அந்த மகாரைக் கொன்றால் வாள் ஒன்று கிடைக்குமாம். இப்படி ஜெயித்து வாங்கும் சாமான்களை மாட்டிக்கொண்டால் வீரனுக்குப் பலம் கூடும். பையன் இதைச் சொன்னபோது எனக்கு தென்திருப்பேரைப் பெருமாள் ஞாபகம் வந்தார். அவர் பெயரே மகர நெடுங்குழைக்காதர். கடல் மிருகத்தைத் தோடாக்கிக் காதில் மாட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சாமானுக்கு எத்தனை பாயிண்ட் என்று எந்த விளையாட்டுக்காரனும் கணக்குப் போட முடியாது.

மகரம் ஊர் சுற்றவும் செய்தது. இலங்கையில் அனுராதபுரத்துப் படிக்கட்டுகளின் கைப்பிடியில் இருக்கிறது. கம்போடியாவில் சம்போர் பிரெய் குக் என்ற ஏழாம் நூற்றாண்டுக் கோயில்களில் வாசல் நிலைக்கு மேலே இரண்டு மகரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஜாவாவின் போரோபுதூரில் மழைத் தண்ணீரை வாய் வழியாக வெளியே விடும் வேலை. கர்நாடகத்தில் ஹொய்சாளச் சிற்பிகள் அதற்கு மயில் வால்போல ஒரு தோகையை வைத்து அழகு பார்த்தார்கள். போகிற இடத்தில் எல்லாம் ஒரு உறுப்பு கூடியது, ஒன்று குறைந்தது. கலர் மட்டும் மாற்றி ஒப்பேற்றுகிற பேச்சு இங்கே இல்லை. கல்லில் அதற்கு வசதியும் இல்லை.

இந்தத் தளவானூர்ச் சிற்பிக்கு பிளாஸ்டிக் பொம்மை கிடையாது. யானையைப் பார்த்திருப்பான், ராஜாவிடம் இருந்தது. முதலையைப் பார்த்திருப்பான். சுறாவைப் பார்க்க மரக்காணம் பக்கம் போயிருக்கலாம். மூன்றையும் தனித்தனியாகச் சரியாகத் தெரிந்தவனுக்குத்தான் ஒட்டவைத்த இடம் தெரியாமல் ஒட்டவைக்க வரும். ஒரு சின்ன உளி வழுக்கினாலும் அழி ரப்பர் கிடையாது. பையன் அதற்குள் நாலு தாளைக் கசக்கிப் போட்டிருந்தான். துதிக்கை வளையும் இடம் அவனுக்கு வரவே இல்லை. ஐந்தாவது தாளில் வந்தது.

சுவரில் கல்வெட்டு இருக்கிறது. சம்ஸ்கிருதத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ராஜா பெயர், கோயில் பெயர் எல்லாம் உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். மகரத்தைச் செதுக்கினவன் பெயர்? அது இல்லை.

அவன் நோட்டை மூடினான். "கேம் முடிஞ்சா பத்து நிமிஷம் பேர் ஓடும் மாமா. யாரு மிருகம் வரைஞ்சாங்கன்னு போடுவான். நான் ஸ்கிப் பண்ணவே மாட்டேன்" என்றான்.

ஃபைனல் ஃபேன்டஸிக்குப் படம் வரைந்தவர் யோஷிடாகா அமானோ. மைக் கோடுகளில் அவர் வரைந்ததை, புள்ளி புள்ளியாக அந்த 256 கிலோபைட்டுக்குள் இறக்கியவர்களில் முக்கியமானவர் கசுகோ ஷிபுயா என்ற பெண்மணி. 2021-ல் புதுப்பித்தபோது அவரையே திரும்பக் கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். 34 வருஷம் கழித்து அதே மிருகங்கள், அதே கை. இந்தப் பெயர்களைப் பையன் சொல்லும்போது முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் வயசுக்காரர்கள் கவாஸ்கர் என்று சொல்வது மாதிரி.

ஆனால் அந்தத் தொழிலிலும் எடுத்த எடுப்பில் பெயர் போட்டுவிடவில்லை. அமெரிக்காவில் அடாரி கம்பெனி விளையாட்டு செய்தவர்களின் பெயரை வெளியிடாது. வாரன் ராபினெட் என்ற ஒரு ஆள் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைத் தனியாளாகச் செய்தார். 1980-ல் வந்தது. அதில் மூன்று டிராகன்கள். பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருக்கும், அது வேறு விஷயம். கம்பெனிக்குத் தெரியாமல் அவர் உள்ளே ஒரு ரகசிய அறையைக் கட்டி, இதைச் செய்தது நான் என்று தன் பெயரை எழுதி ஒளித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். ஒரு பையன் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. அமெரிக்காக்காரன் கதையெல்லாம் நமக்கெதுக்கு என்றார். சரி, நம் கதை சொல்கிறேன் என்று பூஞ்சேரிக்கு வந்தேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி. பல்லவ ராஜாக்கள் மாமல்லபுரத்தில் தங்கள் பட்டப் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தில் பார்க்கலாம். வேலை செய்தவர்கள் பெயர் அங்கே இல்லை. ஆனால் ஊரைவிட்டுத் தள்ளி, பூஞ்சேரியில் ஒரு சாதாரணப் பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். இன்னும் சில பேர். கல்தச்சர்கள். ராஜாவின் கண் படாத இடத்தில், அவர்களுடைய ரகசிய அறை.

"பய்யமிழிப்பான்னா என்ன மாமா அர்த்தம்?" என்று பையன் கேட்டான். அக்கா அவனுக்கு இன்னொரு தோசை போட்டாள். நோட்டு பக்கத்தில் திறந்து கிடந்தது. மகரத்தின் துதிக்கையை அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எண்ணெய் படாமல் நோட்டை நகர்த்தி வைத்தாள்.

அக்கா வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்தார். மேஜைமேல் இருந்த அப்ளிகேஷனை எடுத்துப் பார்த்தார், திரும்ப அங்கேயே வைத்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

"அந்தப் பூஞ்சேரிப் பாறையில..." என்றார் என்னிடம். "சம்பளம் எவ்வளவுன்னு எழுதியிருக்கானா?"